ஹாய்ஸ்ட் பட்டன் மாற்றும்போது கவனிக்க வேண்டியவை



நம்மில் பலர் கிடங்கில் மாடி எடுத்து, மூட்டைகளை ஏற்றி இறக்க மின்சார ஹாய்ஸ்ட் வைத்திருக்கிறோம். வாங்கும்போது மோட்டாரைப் பார்க்கிறோம், கம்பிக் கயிற்றைப் பார்க்கிறோம். கையில் தொங்கும் பட்டன் பெட்டியை யாரும் பொருட்படுத்துவதில்லை. சுவரில் அடிபடுவதும், தூசி ஏறுவதும், முதலில் பழுதாவதும் அதுதான்.

2018இல் எங்கள் கிடங்கில் அந்தப் பெட்டி உடைந்தது. வாசலில் லாரி நிற்கிறது. அவசரத்தில் ஆள் அனுப்பி, பார்வைக்கு அதே மாதிரி மஞ்சள் பெட்டி ஒன்றை வாங்கி மாட்டினோம். மூன்றாவது வாரம், நான்கு பருப்பு மூட்டைகளோடு ஏறிய கொக்கி, பட்டனை விட்ட பிறகும் நிற்கவில்லை. "முதலாளி, விட்டுட்டேன், இன்னும் ஏறுது!" என்று லோடுமேன் கத்தினார். மெயின் சுவிட்ச் வாசல் ஓரம் இருந்தது. நான் ஓடிப்போய் அணைத்தபோது, கொக்கி மேலே இடிக்க ஒரு சாண்தான் பாக்கி. யாருக்கும் அடியில்லை, தெய்வாதீனம்.

பிறகு வந்த எலக்ட்ரீஷியன் தம்பி பெட்டியைத் திறந்து காட்டினார். உள்ளே தொடுமுனைகள் உருகி ஒட்டியிருந்தன. விஷயம் இதுதான். பெரிய ஹாய்ஸ்ட்டில் பட்டன், பேனலில் உள்ள கான்டாக்டருக்கு உத்தரவு கொடுக்கும், அவ்வளவே. அதில் ஓடுவது 24, 48 அல்லது 110 வோல்ட்டில் சொற்ப கரண்ட். எங்களுடையது போன்ற சில சிறிய ஹாய்ஸ்ட்டுகளில் கான்டாக்டரே கிடையாது. மோட்டார் கரண்ட் முழுவதும் பட்டன் வழியாகவே போகும். புறப்படும் நொடியில் மோட்டார் ஐந்து, ஆறு மடங்கு இழுக்கும். நம் ஆட்களோ தட்டித் தட்டித்தான் மூட்டையை நிறுத்துவார்கள். நாங்கள் மாட்டியது கான்டாக்டருக்கான பட்டன். உள்ளே ‘ஏசி-15’ என்று அச்சிட்டிருந்தது. மோட்டாரை நேரடியாக ஓட்டுவதற்கு ‘ஏசி-3’ தரமும், மோட்டார் தகட்டிலுள்ள ஆம்பியருக்குக் குறையாத அளவும் வேண்டும். மேலும் கீழும் ஒருசேர அழுத்த முடியாதபடி உள்ளே பூட்டும் இருக்க வேண்டும். பழைய பெட்டியைக் கையில் கொண்டுபோனால் கடைக்காரர் நிறம் பார்த்துத்தான் கொடுப்பார். தகட்டு விவரத்தையும் எழுதிக்கொண்டு போங்கள்.

மாட்டியபின் வெறும் கொக்கியை ஓட்டிப் பாருங்கள். மூன்று ஃபேஸ் ஹாய்ஸ்ட்டில் வயர் மாறியிருந்தால், ‘கீழே’ அழுத்தும்போது கொக்கி மேலே போகும். பட்டன் வயரை மாற்றிச் சரிசெய்துவிட்டோம் என்று சிலர் திருப்திப்படுவார்கள். அது ஆபத்து. மேல் எல்லையில் நிறுத்தும் லிமிட் சுவிட்ச் ‘மேலே’ போகும் சர்க்யூட்டை மட்டுமே துண்டிக்கும். கொக்கி தப்பான வழியில் ஏறினால் அது தடுக்காது. மோட்டாருக்கு வரும் இரண்டு ஃபேஸை இடம் மாற்றுவதே சரி.

பெட்டியின் பாரம் கேபிளில் தொங்கக் கூடாது, கூடவே ஓடும் சங்கிலியில் தொங்க வேண்டும். பலரும் சங்கிலியை மாட்டாமல் விட்டுவிடுகிறார்கள்.

எங்கள் மெயின் சுவிட்ச் இப்பொழுது ஹாய்ஸ்ட் ஓட்டுகிறவர் கைக்கு எட்டுகிற தூணில் இருக்கிறது. சரியான தரத்தில் உதிரிப் பெட்டி ஒன்றும் கல்லாவுக்கு அடியில் தயாராக இருக்கிறது.