பரணில் கிடக்கும் பழைய லேப்டாப்பில் லினக்ஸ்: முதல் தடவை மாறுகிறவர் தெரிந்துகொள்ள வேண்டியவை

ஹனூர் கடைத்தெருவில் நின்றால் ஒரு காதில் கன்னடமும் மறு காதில் தமிழும் விழும். இதில் வியப்பு ஒன்றும் இல்லை. 1956-ம் ஆண்டு மொழிவாரி மாநிலங்கள் பிரிக்கப்படும் வரை கொள்ளேகால் தாலுகா கோவை மாவட்டத்தில் இருந்தது. பிறகு மைசூர் மாவட்டத்தில் சேர்ந்தது. 1997-ல் சாம்ராஜ்நகர் மாவட்டம் தனியாகப் பிரிந்தபோது அதற்குள் வந்தது. கொள்ளேகாலில் இருந்து மாதேசுவரன் மலைக்குப் போகும் சாலையில் உள்ள ஹனூர், இப்போது தனித் தாலுகா.

இந்த ஊரில் ஒரு தமிழ்க் குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். அப்பா கணக்கு எழுதுகிற வேலையில் இருக்கிறார். மகள் கல்லூரியில் படிக்கிறாள். எட்டு ஆண்டுகளுக்கு முன்பு வாங்கிய ஒரு லேப்டாப் வீட்டில் உண்டு. அதைத் திறந்து வைத்துவிட்டு டீ போட்டுக் குடித்து முடித்தாலும் அது விழிப்பதில்லை.

"வேற லேப்டாப் வாங்கணும்பா" என்கிறாள் மகள்.

அப்பா பதில் சொல்வதில்லை. வீட்டு வாடகை, மாதச் சீட்டு, ஊருக்கு அனுப்ப வேண்டிய பணம் என்று அவர் மனதில் வேறு கணக்கு ஓடுகிறது.

இது ஒரு வீட்டுக் கதை மட்டும் அல்ல. விண்டோஸ் 10-க்கு வழக்கமாகக் கொடுத்து வந்த பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாப்ட் நிறுவனம் 2025-ம் ஆண்டு அக்டோபர் 14-ந் தேதியோடு நிறுத்தியது. பதிவு செய்துகொண்டவர்களுக்கு மட்டும் ஓராண்டு நீட்டிப்பு தரப்பட்டது. அடுத்து வந்த விண்டோஸ் 11, பழைய கம்ப்யூட்டர்கள் பலவற்றில் ஏறாது. அதற்கென்று தனிப் பாதுகாப்பு சிப் வேண்டும். ஓரளவு புதிய பிராசசரும் வேண்டும். ஆக, நன்றாக ஓடிக்கொண்டிருக்கிற எந்திரம்கூட "பழசு" என்று ஒதுக்கப்படுகிறது.

அதைப் பழைய இரும்புக் கடைக்குப் போடுவதற்கு முன்பு, வேறு ஒரு வழி உண்டா? உண்டு. அதன் பெயர் லினக்ஸ்.

பயம் வேண்டாம்

ஆபரேட்டிங் சிஸ்டம் என்பது கட்டிட வேலையில் மேஸ்திரி மாதிரி. கம்ப்யூட்டரில் இருக்கிற ஒவ்வொரு பாகத்தையும் வேலை வாங்குவது அதுதான். விண்டோஸ் ஒரு மேஸ்திரி. லினக்ஸ் இன்னொரு மேஸ்திரி. ஆனால் இந்த மேஸ்திரிக்குக் கூலி கிடையாது!

பின்லாந்து நாட்டில் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ், 1991-ம் ஆண்டு தனது 21-வது வயதில் இதை எழுதத் தொடங்கினார். அதற்கு முன்பே, 1983-ல் அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டால்மன் "குனூ" என்ற திட்டத்தை அறிவித்திருந்தார். எவரும் பயன்படுத்தலாம், பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம், நகல் எடுத்து அடுத்தவருக்குக் கொடுக்கலாம் என்பது அவர் கொள்கை. இரண்டும் சேர்ந்ததுதான் இன்றைய லினக்ஸ். உபுண்டு, டெபியன், மின்ட் என்று அதில் பல வகை உண்டு.

"நமக்கு இது பழக்கம் இல்லையே" என்று தயங்குகிறவர்கள் சட்டைப் பையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போனைத் தொட்டுப் பார்க்கலாம். அதன் அடியில் ஓடுவதும் லினக்ஸ்தான்.

யாரும் திறக்காத கதவு

தமிழ்நாட்டில் உறவினர் உள்ளவர்களுக்கு ஒரு செய்தி புதிதாக இருக்காது. 2011-ம் ஆண்டு தமிழக அரசு மாணவர்களுக்கு இலவச லேப்டாப் வழங்கத் தொடங்கியது. அடுத்து வந்த ஆண்டுகளில் லட்சக்கணக்கான மாணவர்கள் கைக்கு அது போனது.

பலர் கவனிக்காத விஷயம் ஒன்று அதில் இருந்தது. அந்த லேப்டாப்பில் விண்டோசும் இருந்தது, "பாஸ்" என்ற லினக்சும் இருந்தது. பாஸ் என்பது மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கியது. 2007-ல் வெளிவந்தது. சுவிட்சைப் போட்டதும் இரண்டு பெயர்கள் திரையில் வரும். எது வேண்டுமோ அதைத் தேர்ந்தெடுக்கலாம்.

பல வீடுகளில் பிள்ளைகள் விண்டோசைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். மற்றப் பெயர் என்ன என்று கேட்கவும் இல்லை, சொல்வதற்கு ஆளும் இல்லை. காசு கொடுத்தாலும் கிடைக்காத ஒரு பாடம், வீட்டுக்குள்ளேயே மூடிக் கிடந்தது.

பக்கத்தில் கேரளாவில் நடந்தது வேறு. சாம்ராஜ்நகர் மாவட்டத்தின் குண்டுலுபேட்டையைத் தாண்டினால் வயநாடு. அந்த மாநிலத்தில் பள்ளிக்கூடங்களுக்கான கம்ப்யூட்டர் திட்டம் 2001-ல் வந்தது. சில ஆண்டுகளில் லினக்சுக்கு மாறினார்கள். அதற்கு முன்பு ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். ஆசிரியர்களில் இருந்தே பயிற்சியாளர்களை எடுத்தார்கள். கணக்கு வாத்தியாரும் மலையாள டீச்சரும் முதலில் கற்றுக்கொண்டு, பிறகு பிள்ளைகளுக்குக் காட்டினார்கள். 2019-ம் ஆண்டு 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிக் கம்ப்யூட்டர்களுக்குப் புதிய லினக்ஸ் தயாரானது. இதனால் 3 ஆயிரம் கோடி ரூபாய் மிச்சம் என்று அந்தத் திட்டத்தை நடத்தும் அரசு நிறுவனம் கணக்குச் சொன்னது.

இரண்டு மாநிலத்திலும் லினக்ஸ் ஒன்றுதான். ஒரு இடத்தில் பக்கத்தில் உட்கார்ந்து காட்ட ஆள் இருந்தது. இன்னொரு இடத்தில் இல்லை. வீட்டில் முதல் தடவை மாறுகிறவரும் இதை நினைவில் வைக்க வேண்டும்.

முதலில் ருசி பார்க்கலாம்

லினக்சில் உள்ள பெரிய வசதி, அதை ஏற்றாமலேயே ஓட்டிப் பார்க்கலாம் என்பது.

ஒரு 8 ஜி.பி. பென் டிரைவ் போதும். மின்ட் அல்லது உபுண்டுவை இலவசமாக இறக்கி, அந்த பென் டிரைவில் எழுத வேண்டும். சாதாரணமாக பைலை நகல் எடுக்கிற மாதிரி போட்டால் வேலை செய்யாது. இதற்கென்று உள்ள சிறு புரோகிராம் கொண்டுதான் எழுத வேண்டும். இறக்க வேண்டிய பைல் பெரியது. செல்போன் டேட்டாவில் இறக்கினால் அன்றைய பேலன்ஸ் தீர்ந்துவிடும். பெங்களூரிலோ மைசூரிலோ வேலை பார்க்கும் தம்பி ஊருக்கு வரும்போது பென் டிரைவில் எடுத்து வரச் சொல்வது புத்திசாலித்தனம். அப்படி நகல் கொடுப்பது திருட்டு ஆகாது, சட்டப்படியே சரி.

பென் டிரைவைச் செருகி, லேப்டாப்பைப் போட்டதும் எப்-12, எப்-9, எஸ்கேப் இவற்றில் அந்தக் கம்பெனிக்கு உரிய பட்டனை அழுத்தினால் "எதில் இருந்து தொடங்க?" என்று கேட்கும். பென் டிரைவைக் காட்டினால் லினக்ஸ் திறக்கும். உள்ளே இருக்கும் விண்டோசை அது தொடாது.

இப்போது அவசரப்படக் கூடாது. வைபை பிடிக்கிறதா, ஒலி கேட்கிறதா, கேமரா தெரிகிறதா, வீட்டில் உள்ள பிரிண்டர் அச்சடிக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். பிரிண்டர்தான் பல பேருக்குக் காலை வாரும். புதிய பிரிண்டர்கள் பெரும்பாலும் சொல்லாமலே ஓடும். பழைய லேசர் பிரிண்டர் சில முரண்டு பிடிக்கும். அதை ஏற்றிய பிறகு தெரிந்துகொள்வதைவிட ஏற்றுவதற்கு முன்பு தெரிந்துகொள்வது நல்லது. பென் டிரைவில் இருந்து ஓடும்போது வேகம் குறைவாகத்தான் இருக்கும். அதை வைத்துத் தீர்ப்புச் சொல்லிவிட வேண்டாம்.

ஒரே ஒரு ஆபத்து

பிடித்துப் போய் நிரந்தரமாக ஏற்ற முடிவு செய்தால், நடுவில் ஒரு கேள்வி வரும். விண்டோசுக்குப் பக்கத்தில் வைக்கவா, அல்லது டிஸ்க்கை முழுதாக அழித்துவிட்டு வைக்கவா என்று கேட்கும். படிக்காமல் "சரி, சரி" என்று அமுக்கிக்கொண்டே போனால் கல்யாண போட்டோ, மார்க் ஷீட் ஸ்கேன், ஆதார் நகல் எல்லாம் ஒரு நொடியில் போய்விடும். திரும்பக் கிடைப்பது கஷ்டம்.

ஆகவே லினக்ஸ் ஏற்றுகிற வேலை, உண்மையில் அதற்கு முந்தைய நாள் தொடங்குகிறது. வேண்டிய பைல்களை எல்லாம் வேறு டிஸ்க்கிலோ பென் டிரைவிலோ எடுத்து, அதை இன்னொரு கம்ப்யூட்டரில் போட்டுத் திறந்து பார்த்த பிறகுதான் கை வைக்க வேண்டும். ஏற்றும்போது சார்ஜர் செருகி இருக்கட்டும். மின்சாரம் எப்போது போகும் என்று யாருக்குத் தெரியும்!

முதல் வாரம்

முதல் வாரத்தில் சில விஷயங்கள் குழப்பும். "சி டிரைவ், டி டிரைவ் எங்கே?" என்று தேடத் தோன்றும். அவை இருக்காது. ஹோம் என்ற இடத்தில்தான் நம் பைல்கள் இருக்கும். எங்கிருந்தோ இறக்கிய விண்டோஸ் புரோகிராமை இரண்டு தடவை கிளிக் செய்தால் ஓடாது. லினக்சிலேயே உள்ள சாப்ட்வேர் பட்டியலில் தேடி எடுக்க வேண்டும். போனில் ஆப் எடுக்கிற மாதிரிதான்.

ஆங்கிலத்தில் பைல் பெயர் வைக்கும்போது பெரிய எழுத்து வேறு, சின்ன எழுத்து வேறு என்று லினக்ஸ் கணக்கில் கொள்ளும். "வைத்த பைலைக் காணோம்" என்று பதறுவதற்கு முன்பு இதைப் பார்க்கலாம். கட்டளை அடிக்கும் கறுப்புத் திரையில் பாஸ்வேர்டு அடித்தால், பல வகை லினக்சில் ஒரு புள்ளிகூடத் தெரியாது. கீ போர்டு கெட்டுப் போகவில்லை. அடித்துவிட்டு என்டர் தட்டினால் போதும்.

கடிதம், கணக்கு அட்டவணைக்கு லிபர் ஆபீஸ் இருக்கிறது. விண்டோசில் செய்த பயோடேட்டாவை இதில் திறந்தால் வரி கொஞ்சம் நகர்ந்து நிற்கலாம். வேலைக்கு அனுப்பும்போது பி.டி.எப். ஆக மாற்றி அனுப்பினால் அந்தத் தொல்லை இல்லை. பாங்கி வேலை, ரெயில் டிக்கெட், வாட்ஸ்-அப் எல்லாம் பிரவுசரிலேயே நடக்கும்.

நடக்காததையும் சொல்ல வேண்டும். டாலி விண்டோசுக்காகத் தயாரிக்கப்படுவது. கடைக் கணக்கை அதில் எழுதுகிறவர் விண்டோசை முழுதாகக் கைவிடுவது சரி அல்ல. இரண்டையும் அருகருகே வைத்துக்கொள்வதே உசிதம்.

தமிழும் கன்னடமும்

ஹனூர் மாதிரி ஊர்களில் உள்ள குமாஸ்தாக்களுக்கு மனு கன்னடத்தில் அடிக்க வேண்டும். ஊருக்குக் கடிதம் தமிழில் அடிக்க வேண்டும்.

லினக்சில் இரண்டுக்கும் கீ போர்டு அமைப்பு இலவசமாகவே உண்டு. தமிழுக்கு, 1999-ல் வந்த தமிழ்-99 முறை இருக்கிறது. பழைய டைப்ரைட்டர் முறையும் இருக்கிறது. தமிழ் டைப்ரைட்டிங் பாஸ் செய்துவிட்டு, அந்த விரல் பழக்கம் வீணாகிறதே என்று வருத்தப்பட்டவர்கள் சந்தோஷப்படலாம். கன்னடத்துக்கு, கர்நாடக அலுவலகங்களில் பழகிய "நுடி"யின் விசை வரிசையை ஒத்த அமைப்பு கிடைக்கும். ஒரு தடவை அமைத்துக்கொண்டால், விண்டோஸ் சின்னம் போட்ட பட்டனோடு ஸ்பேஸ் பாரைத் தட்டி மொழி மாற்றலாம்.

ஒரு சிக்கல் உண்டு. யூனிகோடு வருவதற்கு முன்பு பழைய எழுத்துருக்களில் அடித்து வைத்த தமிழ், கன்னடக் கடிதங்கள் அந்த எழுத்துரு இல்லாமல் திறந்தால் ஆங்கில எழுத்துகளைக் கொட்டிக் கவிழ்த்த மாதிரி இருக்கும். லினக்சின் குறை அல்ல இது. புதிய விண்டோசிலும் அப்படித்தான். அவற்றை யூனிகோடுக்கு மாற்றி வைத்துவிட்டால் எதிலும் திறக்கும்.

கேட்க ஆள்

தனியாகத் தடவிக்கொண்டிருந்தால் நாலாம் நாள் சலிப்பு வரும். கேட்க ஆள் வேண்டும். "கணியம்" என்ற தமிழ் மின்னிதழ் 2012 முதல் இதையெல்லாம் எளிய தமிழில் எழுதி வருகிறது. படிக்கக் காசு இல்லை. விழுப்புரத்தில் லினக்ஸ் பயனாளர் குழு ஒன்று கிராமத்து மாணவர்களுக்குக் கற்றுக் கொடுக்கிறது. சென்னையில் பல காலமாகவே இப்படி ஒரு குழு உண்டு. ஹனூரில் இருந்து பெங்களூருக்கோ மைசூருக்கோ வேலைக்குப் போனவர்களில் லினக்ஸ் தெரிந்த ஒரு பையனாவது இருப்பான். ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வந்தால் அவனை ஒரு மணி நேரம் உட்கார வைத்தால் போதும்.

அதற்கும் முன்பு ஒன்று செய்யலாம். மேட்டூரிலோ சேலத்திலோ உள்ள அக்கா வீட்டுக்குப் பண்டிகைக்குப் போகும்போது, பிள்ளைகளுக்குக் கொடுத்த அந்த அரசு லேப்டாப் இன்னும் இருக்கிறதா என்று கேளுங்கள். பழைய பாஸ் லினக்ஸ் அது. பாங்கி வேலைக்கு அதை நம்ப வேண்டாம். தொட்டுப் பார்க்கத் தாராளமாக ஆகும். சுவிட்சைப் போட்டு இரண்டு பெயர்கள் வந்தால், விண்டோசை விட்டு மற்றதுக்கு அம்புக்குறியை நகர்த்தி என்டரைத் தட்டுங்கள்.