தீர்ப்புக்குப் பின் – 9: மணிபல்லவத்துச் சிறை

பிலாத்து கை கழுவிய இடத்தில் சென்ற வாரம் நின்றோம். குற்றமில்லை என்று தெரிந்தே ஒருவரைச் சிலுவைக்கு ஒப்புக்கொடுத்தவன் அவன் என்பது நினைவிருந்தால் போதும். இந்த வாரம் கண்டிச் சிறையில் கிடந்த யோசப் வாஸ் அடிகளாரிடம் போவதாகத் திட்டம். ஆனால் வழியில் நயினாதீவு மறிக்கிறது.

ஒல்லாந்தர் ஹார்லெம் என்று பெயரிட்டும் நிலைக்காமல் போன தீவு இது. நாகபூஷணி அம்மனையும் நாகவிகாரையையும் நாடிக் குறிகாட்டுவானிலிருந்து படகேறுவோருக்கு இங்கே கிறிஸ்துவின் பாடுகள் நினைவுக்கு வர நியாயமில்லை. ஆனால் மணிமேகலையில் வரும் மணிபல்லவம் நயினாதீவே என்ற நம்பிக்கை தீவகத்தில் ஆழமாக வேரூன்றியது. வேறு இடம் சொல்லும் ஆய்வாளரும் உண்டு. அந்த வழக்கு இங்கே வேண்டாம். மணிபல்லவத்தில் கோமுகிப் பொய்கையிலிருந்து அமுதசுரபியை ஏந்தியவள் யாருடைய மகள் என்பதே நமக்கு முக்கியம். ஆராயாமல் கொடுத்த ஒரு தீர்ப்பில் வெட்டுண்ட கோவலனின் மகள் அவள். தமிழர் அறிந்த அநீதித் தீர்ப்புகளில் தலையாயது அது. சிலம்பின் பரல் மாணிக்கம் என்று கண்டதும் பாண்டியன் அரியணையிலேயே உயிர் விட்டான். அவன் அறியாமல் தவறினான், பிலாத்து அறிந்தே தவறினான். லூக்கா நற்செய்தியில் மூன்று முறை குற்றம் காணவில்லை என்று சொல்லிவிட்டு, கூட்டத்தின் கூச்சலுக்கு இணங்கினான். அதன் பிறகும் ஆண்டுக்கணக்கில் பதவியில் இருந்தான். சமாரியர் படுகொலைக்காகச் சிரியாவின் ஆளுநர் விட்டேலியு அவனை உரோமைக்கு அனுப்பியது கி.பி. 36 அளவில்தான்.

மணிமேகலையைத் திரும்பப் படித்தபோது இந்த வாரம் என்னைப் பிடித்து நிறுத்தியது சிறைக்கோட்டம். அட்சய பாத்திரம் என்றாலே ஆதிரையிட்ட முதல் பிச்சையும் காயசண்டிகையின் யானைத்தீப் பசியும் நினைவுக்கு வரும். அந்தப் பாத்திரம் புகாரின் சிறைக்குள் போனதை எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறோம்? காயசண்டிகை வடிவில் சிறைக்குள் போய்க் கைதிகளுக்குச் சோறிட்டவளை அழைத்து, என்ன வேண்டும் என்று சோழன் கேட்கிறான். சிறையை அறக்கோட்டமாக்கு என்கிறாள், அப்படியே ஆக்குகிறான். அடுத்த காதையிலேயே இளவரசன் உதயகுமரன் காஞ்சனன் வாளுக்கு இரையாகிறான். கொன்றவன் வேறொருவன், காவலில் வைக்கப்படுகிறவள் மணிமேகலை. சிறையையே ஒழிக்கக் கேட்டவளை அதே அரசன் சிறையிடுகிறான்! மகனை இழந்த இராசமாதேவி அவளை விடுவிப்பதுபோல் தன்னிடம் அழைத்துக்கொண்டு மருந்தூட்டுகிறாள், மானம் அழிக்க ஆள் ஏவுகிறாள், உணவின்றிப் பூட்டி வைக்கிறாள். எதுவும் பலிக்கவில்லை. கடைசியில் அஞ்சி நடுங்கும் அரசிக்கு அவள் அறம் சொல்லித் தேற்றுகிறாள். தந்தைக்கு நேர்ந்த அநீதியின் நிழல் மகள் மேலும் விழுந்தது. ஆனால் அவளிடமிருந்து மதுரையை எரித்த தீ எழவில்லை. கண்ணகியின் தீயும் கண்மூடி எரிந்ததல்ல, முதியோரையும் குழந்தைகளையும் விலக்கியது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

பௌத்த காப்பியத்தைக் கொண்டுவந்து கல்வாரியின் காலடியில் வைக்கலாமா என்று கேட்கலாம். வைக்கவில்லை, இரண்டையும் அருகருகே நிறுத்தும்போதுதான் கிறிஸ்தவ நம்பிக்கையின் தனித்தன்மை துலங்குகிறது. குற்றமின்மை கோவலனுக்கும் உண்டு. பகை பாராட்டாத நெஞ்சம் மணிமேகலைக்கும் உண்டு. ஆனால் அவளுக்கு வேற்றுருக் கொள்ளவும் பசியை வெல்லவும் மந்திரங்கள் இருந்தன. அவை அவளைக் காத்தன. பிறரைக் காத்தவன் தன்னைக் காத்துக்கொள்ளட்டும் என்று சிலுவையடியில் ஏளனம் எழுந்தபோது இயேசு இறங்கி வரவில்லை. தன்னைக் காக்கும் வழியைக் கைவிடுவதையே நற்செய்தி அன்பு என்கிறது. யாரும் மன்னிப்புக் கேட்பதற்கு முன்பே, ஆணிகள் அறையப்பட்ட நிலையிலேயே, அவர் மன்னிப்பை வேண்டினார். குற்றமற்றவர் சாவது வரலாற்றில் புதிதல்ல. தன்னைக் கொல்பவருக்காகவும் அந்தச் சாவை ஒருவர் கொடையாக்கியதைத்தான் திருச்சபை பலி என்று வழிபடுகிறது.

இதைவிடக் கடுமையான மறுப்பு ஒன்று உண்டு. விசாரணையில்லாத சிறைகளையும் காணாமலாக்கப்பட்டோரையும் கண்ட மண்ணில் இப்படிப் பேசினால், அநீதியைப் பொறுத்துக்கொள் என்ற போதனையாகாதா? ஆகாது. அன்னாவின் முன் காவலன் கன்னத்தில் அறைந்தபோது இயேசு வாய்மூடி நிற்கவில்லை. தவறாகப் பேசியிருந்தால் காட்டு, சரியாகப் பேசியிருந்தால் ஏன் அடிக்கிறாய் என்று கேட்டார். பழிவாங்கலைத்தான் துறந்தார், கேள்வியைத் துறக்கவில்லை. திருச்சபையும் தீர்ப்பளித்தவன் பெயரை மறைக்கவில்லை. விசுவாசப் பிரமாணத்தில் இயேசுவையும் மரியாளையும் தவிர வேறு மனிதர் எவர் பெயரும் இல்லை, பிலாத்துவின் பெயர் மட்டும் இருக்கிறது. மன்னிப்பும் சாட்சியமும் ஒரே வாயிலிருந்து வருகின்றன. தவறு இன்னது, செய்தவன் இன்னான் என்று சொல்லாத இடத்தில் மன்னிக்க என்ன இருக்கிறது?

யோசப் வாஸ் அடிகளாரிடம் கேட்க வேண்டியதும் இதைத்தான். 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருக்களைத் துரத்தியிருந்த காலத்தில், 1687இல் கோவாவைச் சேர்ந்த அவர் மாறுவேடத்தில் வந்து சில்லாலை மக்களிடம் அடைக்கலம் பெற்றார். 1692இல் கண்டி எல்லையில் போர்த்துக்கேய ஒற்றன் என்று குற்றஞ்சாட்டப்பட்டுச் சிறைப்பட்டார். ஐந்து ஆண்டுகள் கழிந்து அந்த நகரில் அம்மை நோய் பரவி, சொந்த உறவுகளே நோயாளிகளைக் கைவிட்டு ஓடியபோது அவர் என்ன செய்தார் என்பது அடுத்த வாரம்.

(தொடரும்)