இறாலுக்கு 2 சென்டிமீட்டர், கையில் சாதா போன்: மீன்தொட்டியில் குளோசப் எடுப்பது எப்படி?

1965-ல் கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீப்ஸ் சுரங்கத்தில், 2 கிலோமீட்டருக்கும் அதிக ஆழத்தில், வளிமண்டல நியூட்ரினோவின் தடயம் பதிவானது. அவ்வளவு ஆழம் எதற்கு? மேலிருந்து வரும் மற்ற துகள்களைப் பாறை தடுக்கணும் என்பதற்காக. மீன்தொட்டி போட்டோவுக்கும் கிட்டத்தட்ட இதே கணக்குதான். முதலில் வேண்டாத வெளிச்சத்தை மறைக்கணும்.

சுரங்கம் 2001-ல் மூடியாச்சு. இன்று அங்கிருந்து ரயிலேறி பெங்களூரு வேலைக்குப் போய்வரும் பலரில் நீங்களும் ஒருவர் என்றால், தொட்டியை நிதானமாகப் பார்ப்பதே ராத்திரிதான். செர்ரி இறால் தினம் ஒண்ணு செத்துக் கிடந்தால் காரணம் கண்ணுக்குப் பிடிபடாது. போட்டோவில் பிடிபடலாம். தலைக்குப் பின்னால் ஓட்டைச் சுற்றி வெள்ளை வளையம் தெரிந்தால் தோலுரிப்பதில் சிக்கல். மூக்கு நுனியில் வெள்ளை முடி மாதிரி அசைந்தால் ஒட்டுண்ணிப் புழுவாக இருக்கலாம். கண்ணாடியில் நூல் நூலாகக் கை நீட்டி ஒட்டியிருப்பது ஹைட்ரா. குட்டி இறாலைப் பிடித்துத் தின்னும். எதுவென்று தெரியாமல் செம்பு கலந்த மீன் மருந்தை ஊத்தினால் மிச்சமிருக்கும் இறாலும் போயிடும்.

சரி, எப்படி எடுப்பது? போனைக் கண்ணாடியில் ஒட்டி வைத்தால் மங்கலாகத்தான் வரும். பெரும்பாலான போன்களின் மெயின் கேமராவுக்குச் சுமார் 10 சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும். அங்கிருந்து எடுத்து, பிறகு கிராப் பண்ணுங்க. விலை குறைந்த போன்களில் வரும் 2 மெகாபிக்சல் 'மேக்ரோ' கேமராவை நம்ப வேண்டாம் என்பேன். அதைவிட, சில நூறு ரூபாய் கிளிப் லென்ஸ் மேல். ஆனால் அதற்கு இறால் ரொம்பக் கிட்டே வரணும். முன் கண்ணாடியை ஒட்டி வெந்த கீரைத் துண்டு ஒன்றைப் போட்டுக் காத்திருங்க, தானா வரும். பழைய டிஜிட்டல் கேமரா இருந்தால் பூ படம் போட்ட மோடு, ஜூம் பண்ணாதீங்க.

இனி வெளிச்சம். ரூம் லைட்டை அணைத்துவிட்டு, ஸ்டடி லேம்பைத் தொட்டிக்கு நேர் மேலே வையுங்க (தண்ணீரில் விழாதபடி கட்டிவிடுங்க). கறுப்பு சார்ட்டில் லென்ஸ் அளவுக்கு ஓட்டை போட்டு அதன் வழியாக எடுத்தால், உங்க முகமும் சட்டையும் கண்ணாடியில் தெரியாது. பிளாஷ் வேண்டாம். லென்ஸ் கண்ணாடிக்கு நேராக இருக்கணும். சாய்த்தால் ஒளி வளைந்து விளிம்பு கலங்கிடும்.

இவ்வளவு கிட்டத்தில் சில மில்லிமீட்டர்தான் தெளிவாக இருக்கும். அதனால் திரையில் அழுத்திப் பிடித்து போகஸை லாக் பண்ணிட்டு, போனை நூலளவு முன்னும் பின்னும் நகர்த்துங்க. இறாலின் கண் தெளிவானதும் பர்ஸ்ட்டில் முப்பது படம். ஒண்ணு தேறினால் போதும். புரோ மோடு இருந்தால் ஷட்டர் 1/200.

வயிற்றுக்கு அடியில் முட்டை சுமக்கும் இறால் கிடைத்தால் விடாதீங்க. படத்தைப் பெரிதாக்கும்போது ஒவ்வொரு முட்டைக்குள்ளும் இரண்டு கறுப்புப் புள்ளி தெரிகிறதா? அது குட்டியின் கண்கள். இன்னும் சில நாளில் பொரிந்துவிடும். அதற்குள் பில்டர் வாயில் ஸ்பாஞ்ச் மாட்டிடுங்க.