கறல் பிடித்த தாச்சி

2006 ஆகஸ்டில் சண்டை மூண்டபோது எங்கள் குடும்பம் கந்தளாய்க்கு இடம்பெயர்ந்தது. திரும்பி வந்தபோது கிளிவெட்டி வீட்டில் மிஞ்சியிருந்தது உம்மும்மாவின் வார்ப்பிரும்புத் தாச்சி மட்டும்தானாம். அதுவும் கறல் பிடித்துக் கிடந்தது. "எறிஞ்சிட்டு வேற வாங்குவம்" என்றாராம் உம்மா. உம்மும்மா விடவில்லை.

நாம் கறல் என்பதைப் பாடப்புத்தகம் துரு என்கிறது. இரும்பு, நீருடனும் ஒட்சிசனுடனும் தாக்கமுற்று நீரேறிய இரும்பு ஒட்சைட்டாக மாறுவதே அது. உப்பு பட்டால் இன்னும் விரைவாகும். கறல் மேலோடு நிற்கும்வரை தாச்சி பழுதில்லை.

முதலில் தேங்காய்த் தும்பும் மணலும் கொண்டு தேயுங்கள். போகாவிட்டால் வினாகிரியும் தண்ணீரும் சம அளவில் கலந்து அரை மணி நேரம் ஊறவிடலாம். கூடுதலாக விட்டால் அமிலம் நல்ல இரும்பையும் அரித்துவிடும். கழுவியதும் அடுப்பில் வைத்து ஈரம் போகக் காயவிடுங்கள். பின்னர் எண்ணெய் பூசி, மிச்சத்தைத் துடைத்து, இலேசாகப் புகை வரும்வரை சூடாக்கி ஆறவிடுங்கள். மூன்று நான்கு தடவை இப்படிச் செய்தால் எண்ணெய் பல்பகுதியமாகிக் கறுப்புப் படலமாக இறுகும். இதற்குத் தேங்காயெண்ணெயைவிட நல்லெண்ணெய் நல்லது. தேங்காயெண்ணெயில் நிரம்பிய கொழுப்பு அதிகம்; அது இலகுவில் இறுகாது.

புளிக்கறியை அதில் வைத்திருக்க வேண்டாம். ஈரத்தோடு கவிழ்த்தும் வைக்காதீர்கள்.

உம்மும்மா இப்போது இல்லை. நோன்பு காலத்தில் நாங்கள் சமோசா பொரிப்பது அந்தத் தாச்சியில்தான்.