டாரன்டுலாவைக் கையில் எடுக்காதீங்க: வளர்ப்பவனே சொல்கிறேன்

எட்டுக்கால் பூச்சியைக் கண்டால் துடைப்பத்தைத் தேடுகிற வீடுகளில் வளர்ந்தவர்கள் நாம். "அது மேல ஊர்ந்தா கொப்புளம் வரும்டா" என்று பாட்டி சொல்லக் கேட்டவர்கள். அதே வீடுகளின் அடுத்த தலைமுறை இன்று டொரன்டோவிலும் லண்டனிலும் கலிபோர்னியாவிலும் உட்கார்ந்துகொண்டு, "பர்த்டேக்கு எனக்கு ஒரு டாரன்டுலா வேணும்" என்று கேட்கிறது. நாய்க்கு நடை, பூனைக்கு மண், முயலுக்குக் கூண்டு என்று எந்தத் தொல்லையும் இல்லை, ஒரு கண்ணாடித் தொட்டி போதும் என்பதால் பெற்றோரும் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சரி என்கிறார்கள்.

நான் மென்பொருள் துறையில் இருப்பவன். விலங்கியல் படித்தவன் இல்லை. ஆனால் இங்கிலாந்தில் என் வீட்டு அலமாரியில் இரண்டு டாரன்டுலாக்கள் சில வருஷங்களாகக் குடியிருக்கின்றன. அது தெரிந்த நண்பர்கள் தங்கள் பிள்ளைகளுக்காக என்னிடம் யோசனை கேட்கிறார்கள். எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: "கையில எடுத்தா கடிக்குமா?"

இந்தக் கேள்வி எங்கிருந்து வருகிறது என்பது தெரிந்ததே. இணையத்தில் டாரன்டுலா என்று தேடினால் முதலில் வருபவை, உள்ளங்கையில் சிலந்தியை நடக்கவிடும் வீடியோக்களும், விரல் நுனியில் பூச்சியைப் பிடித்து ஊட்டிவிடும் வீடியோக்களும்தான். பிள்ளைகள் அதைப் பார்த்துத்தான் ஆசைப்படுகிறார்கள். வளர்க்கும் ஆசையில் எனக்கு மறுப்பு இல்லை. கையில் எடுப்பதும் கையால் ஊட்டுவதும் வேண்டாம் என்பதுதான் என் கட்சி.

சிலந்திக்கு உங்கள் கை ஒரு தரை

முதலில் ஒரு விஷயம். நாய் நம்மை அடையாளம் கண்டு வாலாட்டும். டாரன்டுலாவுக்கு அப்படி ஒரு உறவு கிடையாது. எட்டுக் கண் இருந்தாலும் பார்வை மிகவும் மந்தம். வெளிச்சம், நிழல், அசைவு, அவ்வளவுதான். உலகத்தை அது அறிவது கால்களிலும் உடம்பிலும் உள்ள நுண்ணிய மயிர்கள் வழியாக. அதிர்வும் காற்றசைவும் வாசனையும் அதில்தான் தெரியும். உங்கள் உள்ளங்கை அதற்குக் கொஞ்சம் சூடான, அவ்வப்போது ஆடுகிற தரை. அங்கே அசையாமல் உட்கார்ந்திருந்தால் "சொகுசா இருக்கு" என்று அர்த்தமில்லை. எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல் நிற்பதாகவும் இருக்கலாம்.

"என் சிலந்தி என்கிட்ட பழகிடுச்சு" என்று சொல்பவர்கள் உண்டு. சில இனங்கள் இயல்பிலேயே சாதுவானவை. சிலி ரோஸ், மெக்சிகோவின் ரெட் நீ போன்றவை அந்த ரகம். ஆனால் சாதுவாக இருப்பது வேறு, பழகுவது வேறு. நூறு தடவை அமைதியாக இருந்த சிலந்தி, நூற்றியோராவது தடவை உங்கள் மூச்சுக்காற்று பட்டதும் பாயலாம். அந்த நூறும் அதற்கு நினைவில் இல்லை.

முதல் ஆபத்து சிலந்திக்குத்தான்

கடிக்குமா என்று பயப்படும் நாம், விழுமா என்று கேட்பதில்லை. டாரன்டுலாவின் வயிற்றுப் பகுதி மெல்லிய தோலால் ஆன ஒரு பை. மேசை உயரத்திலிருந்து கடினமான தரையில் விழுந்தாலே அது கிழிந்துவிடலாம். பிறகு பிழைப்பது கஷ்டம்.

அதன் கால் வேலை செய்யும் விதத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். காலை மடக்கத் தசை இருக்கிறது. ஆனால் முக்கியமான மூட்டுகளில் காலை நீட்டத் தசை கிடையாது. உடம்பில் ஓடும் திரவத்தை அழுத்தத்துடன் காலுக்குள் செலுத்தித்தான் நீட்டுகிறது. நம்ம ஊர் ஜேசிபி வண்டியின் கை எண்ணெய் அழுத்தத்தில் நீளுகிற மாதிரி. அந்தத் திரவம் கசிந்தால், எண்ணெய் ஒழுகிய ஜேசிபி போல எட்டுக் காலும் உள்ளே சுருண்டுவிடும்.

கையில் ஊரும் சிலந்தி திடீரென ஓடினால் மனிதர் செய்யும் முதல் காரியம் கையை உதறுவது. பயிற்சியெல்லாம் அந்த அரை நொடியில் உதவாது. சுற்றி நாலு பிள்ளைகள் போனுடன் நின்றால் கேட்கவே வேண்டாம்.

இங்கிலாந்தின் 2006-ஆம் ஆண்டு விலங்குநலச் சட்டம் முதுகெலும்புள்ள உயிரினங்களுக்கானது. சிலந்தி அதில் வராது. அதாவது, நாம் கீழே போட்டு அது செத்தால் கேட்க நாதியில்லை. அதனாலேயே பொறுப்பு முழுவதும் வளர்ப்பவர் தலையில் விழுகிறது.

கடிக்காமலே கண்ணைக் கெடுக்கும்

அமெரிக்கக் கண்டங்களைச் சேர்ந்த பல டாரன்டுலாக்களுக்குப் பல்லைவிடப் பெரிய ஆயுதம் முதுகுப்புறம் இருக்கிறது. வயிற்றின் மேல் அடர்ந்திருக்கும் முள் மயிர்கள். தொந்தரவு என்று தோன்றினால் பின்னங்கால்களால் வயிற்றை வேகமாகத் தேய்த்து அந்த மயிர்களைக் காற்றில் பறக்கவிடும். கம்பளிப்பூச்சி பட்டால் எப்படி அரிக்கும்? அதே சங்கதி. தோலில் பட்டால் அரிப்பு, தடிப்பு. மூக்கில் போனால் விடாத தும்மல். கண்ணில் போனால்தான் வம்பு.

இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் 2009-ல் நடந்த சம்பவம் ஒன்று லான்செட் மருத்துவ இதழில் வெளியானது. 29 வயது இளைஞர் ஒருவர் மூன்று வாரமாகக் கண் சிவந்து, நீர் வடிந்து, வெளிச்சம் பார்க்க முடியாமல் மருத்துவமனைக்கு வருகிறார். சாதாரணக் கண்நோய் என்று கொடுத்த மருந்து கேட்கவில்லை. அதிக உருப்பெருக்கத்தில் பார்த்தபோது விழிப்படலத்தில் மிக நுண்ணிய மயிர்கள் குத்தி நிற்பது தெரிந்தது. அதைச் சொன்ன பிறகுதான் அவருக்கு ஞாபகம் வருகிறது: மூன்று வாரத்துக்கு முன் தன் சிலி ரோஸ் சிலந்தியின் தொட்டியில் ஒரு கறையைத் தேய்த்துக் கழுவியபோது, அது அவர் முகத்தை நோக்கி மயிர்களைப் பறக்கவிட்டிருந்தது. மிக நுண்ணிய இடுக்கியாலும் எடுக்க முடியாத அளவு சின்ன மயிர்கள். ஸ்டீராய்டு சொட்டு மருந்தில்தான் சிகிச்சை நடந்தது.

கவனியுங்கள். அவர் சிலந்தியைக் கையில்கூட எடுக்கவில்லை. தொட்டியைக் கழுவினார், அவ்வளவுதான். சாது என்று பெயர் வாங்கிய இனம் வேறு. இப்போது அதை முகத்துக்கு நேரே உள்ளங்கையில் வைத்துக்கொண்டு செல்ஃபி எடுப்பதை யோசித்துப் பாருங்கள்.

கடித்தால் என்ன ஆகும்?

டாரன்டுலா கடித்து மனிதர் இறந்ததாக உறுதியான பதிவு இல்லை. சினிமா பயமுறுத்தல் இங்கே வேண்டாம். பெரும்பாலான அமெரிக்க இனங்களின் கடி, குளவி கொட்டிய அளவு வலியும் வீக்கமும்தான். பெரிய சிலந்தியின் பல் ஆழமாக இறங்கும் என்பதால் காயம் சீழ்பிடிக்கவும் வாய்ப்புண்டு.

ஆசிய, ஆப்பிரிக்க இனங்களின் கதை வேறு. இவற்றுக்குப் பறக்கவிட முள் மயிர் இல்லை. ஆகவே வேகமும் பல்லும்தான் தற்காப்பு. இதில் முதல் வரிசையில் நிற்பது நம்ம ஊர்ச் சிலந்திதான். பொசிலோதீரியா என்ற பேரினம். இந்தியாவிலும் இலங்கையிலும் மட்டும் வாழ்வது. மரப்பொந்தில் குடியிருக்கும், மின்னல் வேகம், உடம்பெல்லாம் அழகான கோலம். அது கடித்தால் கடுமையான வலியோடு தசைப்பிடிப்பு வரும். கடித்த இடத்தில் மட்டுமல்ல, கை, கால், முதுகு என்று வேறெங்கோ பிடித்து இழுக்கும். சிலருக்கு அது ஒரு நாள் கழித்துத் தொடங்கி, நாள்கணக்கில் விட்டுவிட்டு வந்ததாக மருத்துவப் பதிவுகள் இருக்கின்றன. இதற்கென்று விஷமுறிவு மருந்து எதுவும் கிடையாது. வலிக்கும் தசைப்பிடிப்புக்கும் மருந்து கொடுத்துப் பொறுத்திருக்க வேண்டியதுதான்.

வீட்டில் நாய் இருந்தால் இன்னொரு கணக்கும் இருக்கிறது. ஆஸ்திரேலிய டாரன்டுலாக்களின் கடி பற்றி அங்குள்ள மருத்துவர்கள் 2003-ல் வெளியிட்ட ஆய்வில், கடிபட்ட மனிதர்களுக்குப் பெரிய பாதிப்பில்லை. கடிபட்ட 7 நாய்களும் இறந்துபோயின. அதுவும் இரண்டு மணி நேரத்துக்குள். கையிலிருந்து தப்பி சோபாவுக்கு அடியில் ஓடும் சிலந்தியை முதலில் மோந்து பார்க்கப்போவது யார்?

ஊட்டிவிடுவது நம் வியாதி

பிள்ளை சாப்பிடவில்லை என்றால் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடும் இனம் நாம். சிலந்தி விஷயத்திலும் அந்தப் பாசம் வேலை செய்கிறது. "ரெண்டு மாசமா ஒண்ணுமே சாப்பிடலை, வாய்க்குப் பக்கத்துல கொண்டுபோய்க் கொடுத்துப் பாத்தா என்ன?" என்று ஒரு நண்பர் கேட்டார். ஒன்றும் செய்ய வேண்டாம் என்பதுதான் பதில். தோலுரிப்பதற்கு முன் டாரன்டுலா பட்டினி கிடக்கும். சிலி ரோஸ் காரணமே இல்லாமல் மாதக்கணக்கில் விரதம் இருக்கும். தண்ணீர்க் கிண்ணம் நிரம்பியிருந்து, வயிறு சுருங்காமல் இருந்தால் கவலை தேவையில்லை.

கையால் ஊட்டுவது ஏன் கையில் எடுப்பதைவிட மோசம்? தொந்தரவு செய்தால் சிலந்தி பெரும்பாலும் முதலில் எச்சரிக்கும். முன்னங்கால்களைத் தூக்கிப் பல்லைக் காட்டும். அப்படியே கடித்தாலும் விஷம் இறங்காத வெறுங்கடியாகப் போவதுண்டு. இரை என்று நினைத்தால் எச்சரிக்கை கிடையாது. அதிர்வு வந்த திசையில் ஒரே பாய்ச்சல். விரல் எங்கே முடிகிறது, பூச்சி எங்கே தொடங்குகிறது என்று பார்த்துப் பிரிக்கும் கண் அதற்கு இல்லை. பூச்சியைப் பிடித்த விரலில் பூச்சி வாசனைதான் அடிக்கும். இரையைப் பிடிப்பதே விஷத்தைச் செலுத்தத்தான். விரலைப் பிடித்தபின் அது எதற்கு மிச்சம் வைக்க வேண்டும்?

சரியான வழி எளிது. ஒரு அடி நீளமுள்ள, நுனியில் ரப்பர் போட்ட இடுக்கி. இரும்பு நுனியைக் கடித்தால் சிலந்தியின் பல் உடையலாம் என்பதால் ரப்பர். இல்லையென்றால் பூச்சியைத் தொட்டியில் விட்டுவிட்டு மூடியைப் போடுங்கள். மறுநாளும் தின்னாமல் இருந்தால் பூச்சியை எடுத்துவிடுங்கள். தோலுரித்து மல்லாந்து கிடக்கும் சிலந்தியை ஒரு சாதாரண வெட்டுக்கிளியே கடித்துக் காயப்படுத்திவிடும். இடம் மாற்ற வேண்டுமா? ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் கவிழ்த்து, மென்மையான தூரிகையால் பின்னாலிருந்து மெல்லத் தள்ளினால் தானே உள்ளே போகும். தொட்டியைக் கழுவும்போது கையுறையும் கண்ணாடியும் போடுங்கள். கையைக் கழுவும்வரை கண்ணைத் தொடாதீர்கள்.

தோலில் மயிர் பட்டால் தேய்க்காமல், ஒட்டும் டேப்பை ஒட்டி எடுத்துவிட்டுக் கழுவுங்கள். கண்ணில் பட்டால் தண்ணீர் விட்டுக் கழுவிவிட்டு அன்றைக்கே கண் மருத்துவரிடம் போங்கள். சிலந்தி வளர்ப்பதை நீங்களே முந்திக்கொண்டு சொல்லுங்கள். கடித்தால் சோப்புப் போட்டுக் கழுவி, குளிர் ஒத்தடம் கொடுத்து, இனத்தின் பெயரைச் சொல்லி மருத்துவ ஆலோசனை கேளுங்கள். மூச்சுத் திணறலோ முக வீக்கமோ வந்தால் உடனே ஆம்புலன்ஸ்.

நம் ஊரிலிருந்து வந்ததா?

இன்னொன்றையும் வாங்குமுன் கேட்க வேண்டும். பொசிலோதீரியாவில் ஓரினம் ராமேஸ்வரத்து அனுமன் கோயிலின் பெயரைத் தாங்கி 2004-ல் அறிவியலுக்கு அறிமுகமானது. பிறகு கடலுக்கு அந்தப் பக்கம் மன்னாரிலும் அது காணப்பட்டது. மிகவும் அருகிவிட்ட இனம். இன்னொன்றை வன்னியின் மாங்குளத்தில் கண்டார்கள். அங்கே பழைய மருத்துவமனையின் டாக்டர் குடியிருப்பிலும் அது இருந்தது. பிறகு புதிய இனமாக அறிவித்தார்கள். போரில் காடும் வீடும் இழந்த அதே மண்ணின் உயிர்கள் இவை. 2019 முதல் இந்தப் பேரினம் முழுவதும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. அனுமதியில்லாமல் நாடு கடத்த முடியாது. ஆகவே கூண்டில் பிறந்ததா, காட்டில் பிடித்ததா என்று விற்பவரிடம் கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் வாங்காதீர்கள். சிங்கப்பூரில் இருப்பவர்களுக்கு இந்தக் கேள்வியே இல்லை. அங்கே டாரன்டுலா வளர்க்கவே அனுமதி கிடையாது.

இவ்வளவும் சொன்ன பிறகும் பிள்ளை பிடிவாதமாக இருந்தால், வாங்கிக் கொடுக்கலாம் என்றே நான் சொல்வேன். பெண் சிலந்தி 20 வருஷம்கூட வாழும் என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பிள்ளை கல்லூரிக்குப் போனதும் அது அம்மாவின் பொறுப்பாகத்தான் வந்து சேரும். ராத்திரியில் விளக்கை அணைத்துவிட்டு மங்கலான சிவப்பு வெளிச்சத்தில் அது குழி தோண்டுவதையும், வலை பின்னுவதையும், பதுங்கி நின்று இரையைப் பிடிப்பதையும் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள். உள்ளங்கையில் வைத்தால் இதில் எதையும் அது செய்யாது.