அப்பா வழியையும் கேளுங்கள்

தேனி மாவட்டம் குச்சனூர் சுயம்பு சனீஸ்வரர் கோயிலுக்குச் சனிக்கிழமை வரும் குடும்பங்களில், வீட்டில் உள்ள அத்தனை பேரின் ராசியையும் நட்சத்திரத்தையும் ஒருவராவது மனப்பாடமாகச் சொல்லிவிடுவார். ஆனால், ‘அப்பத்தா எந்த வயதில், என்ன நோயால் இறந்தார்?’ என்று கேட்டால் பல வீடுகளில் பதில் இருக்காது. மார்பகப் புற்றுநோய் என்றால் வாயே திறக்கமாட்டார்கள். பெண்பிள்ளைகளின் கல்யாணம் தட்டிப்போகும் என்ற பயம். அந்தப் பெண்பிள்ளைகளின் உயிரைக் காக்கக்கூடிய செய்தியே அதுதான்.

இந்த நோய் சில குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாக வருவதை 1866-இலேயே பிரெஞ்சு மருத்துவர் பால் புரோக்கா தன் மனைவியின் குடும்பத்தை வைத்து எழுதினார். காரணம் பிடிபட நூறாண்டுக்கு மேல் ஆயிற்று. அமெரிக்க மரபியலாளர் மேரி கிளேர் கிங் 23 பெரிய குடும்பங்களை ஆராய்ந்தார். எல்லாரையும் ஒன்றாகக் கலந்து பார்த்தபோது எதுவும் புலப்படவில்லை. நோய் வந்த வயதை வைத்துக் குடும்பங்களை வரிசைப்படுத்தியதும், இளவயதில் நோய் கண்ட குடும்பங்கள் ஒரே இடத்தைக் காட்டின. அது 17-ஆவது குரோமோசோம். 1990-இல் அதை அறிவித்தார். அங்கிருந்த பி.ஆர்.சி.ஏ.1 மரபணு 1994-இலும், 13-ஆவது குரோமோசோமில் உள்ள பி.ஆர்.சி.ஏ.2 அடுத்த ஆண்டிலும் பிரித்தறியப்பட்டன.

இவை புற்றுநோயை உண்டாக்கப் பிறந்த மரபணுக்கள் அல்ல, தடுக்கப் பிறந்தவை. செல்லுக்குள் டி.என்.ஏ. இழை அறுந்தால் பிழையில்லாமல் ஒட்டவைப்பது இவற்றின் வேலை. வாய்க்கால் கரை உடைந்தால் அடைக்க இரண்டு ஆள் இருப்பதுபோல, ஒவ்வொன்றிலும் அம்மா தந்த பிரதி ஒன்று, அப்பா தந்த பிரதி ஒன்று. ஒன்று பழுதாகவே பிறந்தாலும் மற்றது சமாளிக்கும். ஏதோ ஒரு மார்பகச் செல்லில் அதுவும் கெட்டால், பிழைகள் குவிந்து புற்றாகின்றன. அதனால்தான் பழுதைப் பெற்ற எல்லாருக்கும் நோய் வருவதில்லை. வருபவர்களுக்குச் சீக்கிரமே வருகிறது.

அம்மா, அக்கா, தங்கை, மகள் ஆகியோரில் ஒருவருக்கு இந்நோய் வந்திருந்தால் ஒரு பெண்ணுக்கு அபாயம் ஏறக்குறைய இருமடங்கு. பி.ஆர்.சி.ஏ. பழுது இருந்தால் வாழ்நாளில் நோய் வரும் வாய்ப்பு பாதிக்கும் மேல். ஆனால் மார்பகப் புற்றுநோய்களில் இப்படி மரபணுப் பழுதால் வருபவை நூற்றுக்கு ஐந்து முதல் பத்துதான். ‘எங்கள் வம்சத்தில் யாருக்குமே இல்லை’ என்பது யாருக்கும் பாதுகாப்பு ஆகாது.

இன்னொன்று: அத்தைக்கு வந்ததும் கணக்கில் சேரும். பழுது அப்பா வழியாகவும் அதே அளவு வரும். ஆண் நோயின்றியே அதை மகளுக்குக் கொடுக்க முடியும். ஐம்பது வயதுக்கு முன் வந்த மார்பகப் புற்று, இரண்டு மார்பிலும் வந்த புற்று, சினைப்பைப் புற்று, ஆணுக்கு வந்த மார்பகப் புற்று ஆகிய நான்கில் ஒன்று குடும்பத்தில் இருந்தாலும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையத்தில் மரபுவழிப் புற்றுநோய்க்கு ஆலோசனையும் பரிசோதனையும் உண்டு. நோய் வந்தவரை முதலில் சோதிப்பதே நல்லது. பழுது தெரிந்தால் இளவயதிலேயே எம்.ஆர்.ஐ. கண்காணிப்பு தொடங்கலாம், தேவைப்பட்டால் தடுப்பு அறுவை சிகிச்சையும் இருக்கிறது.

முப்பது வயது தாண்டிய பெண்கள் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே மார்பகப் பரிசோதனை செய்துகொள்ளலாம். மார்பில் கட்டி தட்டுப்பட்டால், வலி இல்லை என்று தள்ளிப்போடாமல் க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள். அப்பத்தா, அம்மாச்சி, அத்தை, சித்தி ஆகியோரில் யாருக்கு, எந்த வயதில், என்ன நோய் வந்தது என்று பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள். அதை உங்கள் மகளுக்கும் மகனுக்கும் மறைக்காமல் கொடுங்கள்.