உஷார்! ‘200 வருஷத்துப் பை’ என்றால் முதலில் திருப்பிப் பாருங்கள்

இஸ்தான்புல் கடையில் டீ கொடுத்து உட்காரவைத்து, செக்கச்செவேலென்ற ஒரு கம்பளத் துண்டை உங்கள் மடியில் விரித்து, “சாலோர் குலத்துப் பை, 1800-ல் நெய்தது” என்று ஒருவர் சொல்கிறாரா? உஷார்! பர்ஸைத் திறக்காதீர்கள். இணைய ஏலங்களிலும் இதே வசனம்தான் ஓடுகிறது. அங்கே தொட்டுப் பார்க்கவும் வழியில்லை என்பதால் ஆபத்து இரட்டிப்பு.

இந்தச் சரக்கில் வயதுக்கு எழுத்துச் சான்று ஏறக்குறையக் கிடையாது. காராகும் பாலைவனத்தைச் சுற்றி வாழ்ந்த டெக்கே, யோமுத், சாரிக், சாலோர், எர்சாரி முதலான துர்க்மேன் குலங்களின் பெண்கள், தங்கள் கூடாரத்துக்கும் கல்யாணத்துக்கும் நெய்தவை இவை. துணிமணி வைக்க ‘சுவால்’ என்ற பெரிய பை, சின்னச் சாமான்களுக்கு அகலமும் குட்டையுமான ‘தோர்பா’, மணப்பெண் ஏறிவரும் ஒட்டகத்தின் இரு விலாவிலும் தொங்கவிட ஐந்து மூலை ‘அஸ்மாலிக்’. நெய்தவள் பெயரோ வருடமோ போடும் வழக்கம் இல்லை. ஆகவே விற்பவர் வாயில் வரும் ஒவ்வொரு வருடமும் யாரோ ஒருவரின் கணிப்புதான். எதை வைத்துக் கணித்தார் என்று கேளுங்கள்.

பெரிய கம்பளம் கிழிந்துபோனால் அதில் நல்ல பகுதியை வெட்டியெடுத்து, ஓரம் அடித்து, ‘பை முகப்பு’ என்று விற்றுவிடுகிறார்கள். இதைப் பிடிக்கத் துண்டைத் திருப்புங்கள். நிஜமான சுவாலில், முடிச்சு வரிசை முடிந்ததும் மேலே முடிச்சில்லாத வெறும் நெசவு ஒரு பட்டையாக ஓடும். அது பின்னால் மடித்துத் தைக்கப்பட்டிருக்கும். கீழே, முடிச்சு நின்ற பிறகும் அதே பாவு நூல் தொடர்ந்து பையின் முதுகாக நெய்யப்பட்டிருக்கும். வியாபாரிகள் முதுகை அறுத்திருந்தாலும் அந்த வெறும் நெசவில் சில வரிகளாவது பெரும்பாலும் மிஞ்சும். பக்க ஓரங்களில் முகப்பையும் முதுகையும் சேர்த்த தையலின் மிச்சமோ ஊசித் துளைகளோ தட்டுப்படும். இவை எதுவும் இல்லாமல், முடிச்சுகள் விளிம்பு வரை வந்து திடீரென்று அறுபட்டு, அதன்மேல் புது நூலால் கட்டியிருந்தால் பெரிய சந்தேகம். அஸ்மாலிக் என்றால் மேலே உள்ள இரண்டு சாய்வுகளைக் கவனியுங்கள். கரை அந்தச் சாய்வோடு சேர்ந்தே ஏறி இறங்க வேண்டும். கத்தரி போட்ட துண்டில் பூவும் கரையும் பாதியில் வெட்டுப்பட்டு நிற்கும்.

அடுத்த பள்ளம் குலப்பெயர். சாலோர் என்றால் விலை எகிறும். அதனால் கண்டதெல்லாம் சாலோர் ஆகிவிடுகிறது. ‘குல்’ என்ற எண்கோண வடிவத்தைக் காட்டிச் சத்தியம் செய்வார்கள். ஆனால் சாலோர் வடிவங்களை டெக்கே, சாரிக் பெண்களும் தங்கள் பைகளில் நெய்திருக்கிறார்கள். முடிச்சைப் பார்த்தால்தான் குலம் பிடிபடும். துண்டை ஊடை வரியோடு மடித்து, லென்ஸ் வைத்து முடிச்சின் அடியைப் பாருங்கள். யோமுத் பைகளில் பெரும்பாலும் இரண்டு பாவு நூல்களையும் சமமாகச் சுற்றியிருக்கும். டெக்கேயில் ஒரு நூலை முழுதாகச் சுற்றி, மற்றதைச் சுற்றாமல் விட்டிருக்கும், வலப்பக்கம் திறந்தபடி. சாலோரில் அதே முடிச்சு இடப்பக்கம் திறந்திருக்கும். அதோடு பாவு நூல்கள் ஒன்றுவிட்டு ஒன்று உள்ளே அமுங்கி, முதுகைத் தடவும் விரலுக்கு வரிவரியாகத் தட்டும். முடிச்சு எந்தப் பக்கம் திறக்கிறது என்றே சொல்லத் தெரியாதவர் சொல்லும் குலப்பெயருக்குக் காசு கொடுக்காதீர்கள்.

சாயத்தை வைத்துப் பொய்யைப் பிடிக்கலாம், வயதை நிரூபிக்க முடியாது. வேதியியலாளர் பெர்கின் முதல் செயற்கைச் சாயத்தைக் கண்டது 1856-ல். பான்சோ போன்ற அஸோ சிவப்புகள் வந்தது 1878 வாக்கில். 1880-ல் காஸ்பியன் கரையில் ரஷ்யா தொடங்கிய ரயில் பாதை 1886-ல் துர்க்மேன் பகுதியிலுள்ள மெர்வையும் 1888-ல் சமர்கண்டையும் தொட்டபின் சந்தைச் சாயம் வேகமாகப் பரவியது. மூல முடிச்சில் அஸோ சிவப்பு இருக்கும் துண்டு 1800-ஐச் சேர்ந்ததாக இருக்கவே முடியாது. முடிச்சிலிருந்து நிற்கும் கம்பளி மயிரை விலக்கிப் பாருங்கள். அடியில் பளீரென்ற ஊதாவோ ஆரஞ்சோ இருந்து நுனி மட்டும் சாம்பலாய் வெளுத்திருந்தாலும், சிவப்பு பக்கத்து வெள்ளையில் கசிந்திருந்தாலும் சந்தேகப்படுங்கள். ஆனால் மஞ்சிட்டி இன வேரும் அவுரியும் மட்டுமே இருப்பதால் பழசு ஆகிவிடாது. துருக்கியில் 1981-ல் தொடங்கிய டோபாக் திட்டத்தில் கிராமத்துப் பெண்கள் இயற்கைச் சாயத்தில் நெய்து, புதிது என்றே நேர்மையாக விற்றார்கள். அதே சாய அறிவு ஏமாற்றுபவன் கையிலும் இருக்கிறது.

“கார்பன் சான்றிதழ் இருக்கிறது” என்று சொன்னால் இன்னும் உஷார்! ஏறத்தாழ 1650-க்கும் 1950-க்கும் இடைப்பட்ட காலத்தில் இந்தச் சோதனை ஒரே வருடத்தைச் சொல்லாது. 17-ம் நூற்றாண்டு, 18-ம் நூற்றாண்டு, 20-ம் நூற்றாண்டு என்று ஒரே அளவுக்குப் பல வாய்ப்புகளைத் தரும். விற்பவர் அதில் பழைய எண்ணை மட்டும் படித்துக் காட்டுவார். முழு அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். 1950-களுக்குப் பின் வளர்ந்த ஆட்டின் கம்பளியை, அணுகுண்டுச் சோதனைகள் காற்றில் ஏற்றிய கதிர்க்கார்பன் காட்டிக்கொடுக்கும். அந்த வகையில் சோதனை நல்லது. ஆனால் பழைய நெசவைப் பிரித்தெடுத்த நூலில் புதிதாக முடிச்சுப் போட்டிருந்தால் சோதனையும் ஏமாறும். துர்க்மேன் கம்பள ஆய்வாளர் யூர்க் ராகெத் 2016-ல் வெளியிட்ட இரண்டு பெரிய தொகுதிகளில் கார்பன், சாயம், நெசவு அமைப்பு எல்லாவற்றையும் சேர்த்துத்தான் வயது பேசுகிறார். ஒற்றைக் காகிதத்தை நீட்டுபவரிடம் மற்ற இரண்டும் எங்கே என்று கேளுங்கள்.

தேய்மானத்தையும் செய்கிறார்கள். பிளீச் போட்டு வெளுத்து, டீயில் ஊறவைத்து, மயிரைச் சுரண்டி விடுகிறார்கள். இரும்பு சேர்ந்த கரும்பழுப்புச் சாயம் கம்பளியைத் தானாகவே அரிக்கும். பழைய துண்டில் அந்த நிறம் மட்டும் பள்ளமாக, முனை மழுங்கி, ஏற்றத்தாழ்வோடு இருக்கும். கத்தரியால் நறுக்கிய பள்ளம் ஒரே மட்டமாக இருக்கும்.

சட்டத்தையும் மறக்காதீர்கள். துருக்கியில் பழம்பொருளை அனுமதியின்றி நாட்டைவிட்டு எடுத்துச் செல்வது குற்றம். “200 வருஷம்” என்று சொல்லிவிட்டு எந்தத் தாளும் இல்லாமல் பொட்டலம் கட்டுகிறார் என்றால், ஒன்று அவர் சொன்ன வயது பொய், இல்லையேல் விமான நிலையத்தில் மாட்டப்போவது நீங்கள். குலம், காலம், செய்த பழுதுபார்ப்பு, தவறென்றால் பணம் திரும்பும் என்ற உறுதி — நான்கையும் ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள். வயதை உரக்கச் சொல்பவர்கள் பலர் இந்த இடத்தில்தான் பேனாவைக் கீழே வைப்பார்கள்.

அசல் பையே கிடைத்துவிட்டால் தயவுசெய்து அதை ட்ரை கிளீனிங்குக்கு அனுப்பாதீர்கள், குஷன் உறையாகவோ கைப்பையாகவோ வெட்டக் கொடுக்காதீர்கள். முதுகும் ஓரத் தையலும் போய்விட்டால், அது பையாக இருந்தது என்பதற்கான சாட்சியே போய்விடும்.